படகுக்காரன் மனைவி திரும்பி வந்த கதை

அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் அவனை எல்லோருக்கும் லிஃப்ட்காரர் என்றுதான் தெரியும். லிஃப்ட் நடுவழியில் நின்றால் கூப்பிடுவார்கள், ஓடத் தொடங்கியதும் மறந்துவிடுவார்கள். கூண்டின் தலைமேல் ஏறி நின்று இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்தைத் தடவிப் பார்ப்பதும், மொட்டைமாடி மோட்டார் அறையில் பிரேக்கைச் சரிசெய்வதும் அவன் பிழைப்பு. புத்தகத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் டீக்கடையில் யார் கையிலாவது கதைப்புத்தகம் இருந்தால் போதும், "முதல் பாதி ஜவ்வு, அப்புறம் பிச்சுக்கிட்டுப் போகும்" என்று அடித்துவிடுவான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

எல்லாம் மனைவி தயவு. அவள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். உள்ளே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பார், வெளியே மற்றவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த நேரமெல்லாம் அவளுக்குப் படிக்கத்தான். மாலையில் அவன் வெங்காயம் உரிப்பான், அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே படித்த கதையைச் சொல்வாள். நடுநடுவே எழுதியவருக்கும் அடி விழும்.

"இந்த ஆளு சமையல்கட்டுப் பக்கமே போனதில்ல போலங்க. இவர் கதையில பொம்பளைங்க எப்பப் பாரு ஜன்னல்கிட்டதான் நிக்கிறாங்க. சோறு யாரு ஆக்குறான்னே தெரியல."

அவன் சிரிப்பான். கதையில் தொலைந்த மகள் கிடைத்துவிடுவாள். மில்லுக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி கடைசியில் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஓடிப்போன படகுக்காரன் மனைவி, கடைசிப் படகில் திரும்பி வருவாள். அன்றைக்கு அவன் தூங்கும்போது மனசு லேசாக இருக்கும். குழந்தை குட்டி இல்லாத வீட்டில் அந்த நேரம் ஒன்றுதான் அவனுக்கென்று இருந்தது, அதை அவன் யாருக்கும் பங்கு வைத்ததில்லை.

பல் ஆஸ்பத்திரிக்குக் கீழே இருந்த மருந்துக்கடைக்குப் புதிதாக ஒருவர் வேலைக்கு வந்ததும்தான் வினை பிடித்தது. அவரும் படிக்கிறவர். அவள் கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் அதை அவர் ஏற்கெனவே படித்திருந்தார்.

"இன்னைக்கு என்ன கதை?" என்றான் ஒருநாள், வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபடி.

"மத்தியானமே மருந்துக்கடைக்காரர்கிட்ட பேசித் தீர்த்துட்டேங்க. திரும்ப முதல்லேர்ந்து சொல்ல அலுப்பா இருக்கு."

அவன் வெங்காயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே உரித்துவிட்டான்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தும் பால்கனியில் நின்று போனில் அவருக்குக் குரல் பதிவு அனுப்புவாள். கதவிடுக்கு வழியாக அவனுக்குத் துண்டு துண்டாகக் கேட்கும். "சுத்த ஏமாத்து வேலை சார் அது." "அந்த எடத்துல நான் புக்கை மூடி வச்சிட்டு உக்காந்துட்டேன் சார்." ஒருநாள் குரல் உடைந்தது மாதிரி இருந்தது. அவனிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. அந்த மனிதரோடு ஓடிப்போவாள் என்றெல்லாம் அவன் பயப்படவில்லை, அந்த அளவுக்கு முட்டாளில்லை. தன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' அவனைச் சாப்பிட விடவில்லை.

தலைவலி என்று சொல்லிக்கொண்டு கடைக்கே போய்ப் பார்த்தான். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாததால் அவன் எரிச்சல் இன்னும் கூடியது. மாத்திரை கேட்கும்போதே, மாடியில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள் தன் மனைவி என்றும் சொல்லிவைத்தான்.

"ஓ, அவங்க வீட்டுக்காரரா? உக்காருங்க. உங்களுக்குப் புத்தகத்துல அவ்வளவா இஷ்டம் இல்லைன்னு சொன்னாங்க," என்றார் அவர். "சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரையைப் போடுங்க."

மாத்திரையை வழியிலேயே எறிந்துவிட்டு, அன்றைக்கே படிப்பது என்று முடிவுகட்டினான். தெரிந்த கதையாக இருந்தால் சுலபம் என்று நூலகத்தில் அந்தப் படகுக்காரன் புத்தகத்தையே கேட்டு வாங்கினான். வேலை ஓய்ந்த நேரங்களில் மோட்டார் அறையில், சத்தத்துக்கு நடுவே, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தான். அவனோடு வேலை பார்த்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன மாப்ளே, இவ்வளவு உன்னிப்பா? தங்கச்சி வக்கீல் நோட்டீஸ் எதுவும் அனுப்பியிருக்காளா?"

பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தான். படகுக்காரன் மனைவி வரவில்லை. படகுக்காரன் படகை விற்றுவிட்டு வீட்டைப் பூட்டுவதோடு கதை முடிந்திருந்தது. ஏதோ தாள் கிழிந்திருக்கிறது என்று அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒன்றும் கிழியவில்லை. மறுநாள் நூலகத்தில் நின்றபடியே மில் கதையின் கடைசிப் பக்கங்களைப் படித்தான். அண்ணன் சாவுக்குத் தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகள் தொலைந்த கதையையும் எடுத்துப் பார்த்தான், தொலைந்த மகள் தொலைந்தவள்தான்.

இத்தனை வருஷமாக அவள் தனக்கு, குழந்தைக்கு மீனை முள்ளெடுத்து ஊட்டுகிற மாதிரி ஊட்டியிருக்கிறாள். முழுசாக, முள்ளோடு, மருந்துக்கடைக்காரருக்குப் போயிருக்கிறது. அவனுக்கு அவமானமும் பொறாமையும் எது எதென்று பிரிக்க முடியாமல் வந்தது.

அன்று மாலை வெங்காயக் கூடையை அவன் தொடவில்லை.

"படகுக்காரன் பொண்டாட்டி வரவே இல்லையே," என்றான்.

அவள் கரண்டியை வைத்தாள். "படிச்சீங்களா?"

"படிச்சேன். மில்லு கதையும் பார்த்தேன். எல்லாமே பொய்யா சொல்லியிருக்க. எனக்குப் புரியாதுன்னா?"

"புரியாதுன்னு யாரு சொன்னா? கல்யாணமான புதுசுல ஒரு கதை சொன்னேனே, அந்தப் பையன் தண்ணியில முழுகிப் போனது. ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருந்தீங்க. மறுநாள் மெயின் சுவிட்சை அணைக்காமயே மோட்டார்ல கை வைக்கப் போனீங்களாம். அண்ணன்தான் இழுத்துப் பிடிச்சிருக்காரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட அழுதாரு. அன்னையிலேர்ந்து உங்களுக்கு யாரையும் சாக விடுறதில்ல நான்."

இருந்தாலும் அவன் விடவில்லை.

"அவருக்கு மட்டும் நிஜத்தைச் சொல்ற."

"அவரு மாத்திரை எண்ணிக் குடுக்குற ஆளு. மனசு ஒடிஞ்சா ஒரு மாத்திரை கூடப் போகும், கொறையப் போகும். நீங்க குழிக்கு மேல நிக்கிறவரு."

நியாயமாக அவன் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இதைவிடப் பெரிதாக அவனுக்கு யார் என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் பொறாமை பிடித்தவனுக்குத் தனக்குக் கிடைத்ததைவிட அடுத்தவனுக்குக் கிடைத்ததுதான் கண்ணில் நிற்கும்.

"அவ திரும்பி வராதது உனக்கு எப்படி இருந்துச்சு? அவர்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு."

"வேணாங்க. நாளைக்கு லிஃப்ட் மேல ஏறணும் நீங்க."

"நாளைக்கு மச்சான் ஏறட்டும். நீ சொல்லு."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வந்திருந்தாதான் அந்தப் புக்கைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஊரையே ஏத்தி அக்கரையில விடுற ஆளு, அவளை எங்க போகணும்னு ஒரு நாளாவது கேட்டானா? நானா இருந்தா இன்னும் முன்னாடியே கெளம்பியிருப்பேன்னு தோணுச்சு."

அவன் முகத்தை எப்படியோ மாறாமல் பிடித்து வைத்துக்கொண்டு, "ஏன்?" என்றான்.

அவள் சொன்னாள். முதலில் தயங்கி, பிறகு மேஜையைத் தட்டி, கண்ணைத் துடைத்து, அவன் கேட்டேயிராத ஒரு குரலில் சொல்லிக்கொண்டே போனாள். இப்படி ஒருத்தி இந்த வீட்டில் இத்தனை வருஷமாக இருந்தது அவனுக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை பட்டதையெல்லாம் பொறாமை என்று நினைத்திருந்தானே, இப்போது வந்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.