சுவக்கின் மச்சானின் நடை

குண்டசாலையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் சுவக்கின், என் தங்கை மேபலின் புருஷன். தங்கமான மனுஷன், ஆனால் குடிப்பான். இந்த வருஷம் சாம்பல் புதனன்று, தவக்காலம் முடியும்வரை சாராயத்தைத் தொடமாட்டேன் என்று கோயிலில் நேர்ந்துகொண்டான். "நேர்த்திய மீறினா நாவலப்பிட்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்" என்றாள் மேபல். அவள் சொன்னால் செய்கிறவள்.

மூன்றாம் வாரமே மச்சான் தள்ளாட ஆரம்பித்தான். பேச்சுக் குழறியது. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப்போன கை, அதைத் தாண்டிப்போய்ச் சுவரில் இடித்தது. மேபல் தினமும் அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். சாராய வாடையே இல்லை. "கராம்பு மென்டுட்டு வந்தா எப்படி மணக்கும்?" என்று அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டவன் நான்தான். இந்த வாயைத் தைத்துப் போட்டாலும் தகும்.

"ஏணியில கால் நிக்குதில்ல மச்சான்" என்று அவன் சொன்னபோதும் சிரித்தேன். பல்லேகல கார்னிவலில் பேய் வீட்டு வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. ஏணி ஏறமுடியாமல் பெயின்ட் வேலையை விட்டவனை, உள்ளே ஸொம்பி வேஷத்துக்குச் சேர்த்துவிட்டேன். படங்களில் செத்த பிணம் எழுந்து நடக்குமே, அந்த வேஷம். காலை அகட்டி, கையை நீட்டிக்கொண்டு அவன் வந்தால் பெரிய ஆட்களே ஓடினார்கள். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வேஷத்தைக் கலைத்த பிறகும் அவன் பஸ் வரைக்கும் அப்படியேதான் நடந்தான்.

சனிக்கிழமை பின்னேரம் மேபல் உடுப்புப் பையோடு பேய் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "இன்னைக்குக் கையும் களவுமா புடிக்கிறேன் அண்ணே. புடிச்சிட்டு இப்படியே ரயில் ஏறிருவேன்."

மச்சான் வெளியே வந்தான். பின்னாலேயே, பிள்ளைகளைக் கூட்டிவந்த அகீலா என்ற டொக்டர்ப் பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தது.

"அங்கிள், இந்த நடைய எங்க பழகின? நான் ஆஸ்பத்திரியில மூளை வாட்டுல வேல செய்ற. ஸொம்பிக்கு சிறுமூளை பழுதாகியிருக்கும், அதாலதான் கால அகட்டித் தள்ளாடுதுன்னு நாங்க பகிடிக்குச் சொல்ற. நீங்க அச்சொட்டா அப்படியே நடக்குறீங்க."

மச்சான் முகமூடியைக் கழற்றினான்.

"இப்ப சும்மா நடந்து காட்டுங்க."

நடந்தான்.

"நடிக்காம, அங்கிள்."

"நடிக்கல மிஸ். இதுதான் என் நடை."

அந்தப் பிள்ளையின் சிரிப்பு நின்றது. தன் விரலையும் பிறகு அவன் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொன்னது. மச்சானின் விரல் ஆடி ஆடிப்போய்க் கன்னத்தில் குத்தியது.

"குடிச்சாலும் சிறுமூளைதான் தடுமாறும். அதால பாக்கிறவங்களுக்கு குடிவெறி மாதிரித்தான் தெரியும்" என்றது மெதுவாக. "இவரு குடிக்காமலே இப்படின்னா உள்ளுக்கு வேற என்னமோ ஈக்கு. நாளைக்கு வெச்சிக்க வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, தலைய ஸ்கேன் எடுக்கணும்."

மேபல் பையைக் கீழே போட்டாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வாயை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"குடிச்சிருக்கேன்னு சொல்லுங்க" என்றாள். "நான் எங்கயும் போகமாட்டேன். குடிச்சிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."