ஸ்டெல்லா சத்தமாகச் சொன்ன மன்றாட்டு

ஆண்டவருக்குள் என் உறவுகளே, என் மகன் ரொஷான் ‘ஐஸ்’ போதைக்கு அடிமையாக இருந்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. மாத்தளை டவுனில் போன் திருத்தும் கடையில் நல்லபடியாக வேலை செய்த பிள்ளை. தூக்கம் போனது, சாப்பாடு போனது. ஏன் என்று கேட்டால் கதவை உதைப்பான். கணவரை இழந்த எனக்கு அவனைத் தவிர யாரும் இல்லை. கடைசியில் அவனே ஒரு நாள் என் காலடியில் உட்கார்ந்து அழுதான். “அம்மா, என்னால முடியல்ல. எங்கயாவது கொண்டு போய் விட்ருங்க.” கலேவெலப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தேன்.

ரட்டோட்டையில் எங்கள் சனத்திடம், அவன் கொழும்பில் வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். ஸ்டெல்லாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் ரொஷானுக்கு ஞானத்தாய், ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தி நின்றவள். சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும்தான் ஆலயத்தில் பீடத்துக்குப் பூ வைப்போம். அப்படியொரு சனிக்கிழமை பூச்சாடியைக் கழுவிக்கொண்டே அழுது சொன்னேன். “மாதா மேல ஆணை மேரி, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

அடுத்த வாரம் எங்கள் அன்பியம், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழு, ஒரு வீட்டில் கூடியது. நற்செய்தி வாசித்து முடிந்து, ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லும் நேரம். ஸ்டெல்லா கண்ணை இறுக மூடி, இரு கையையும் விரித்து, உருக்கமாகத் தொடங்கினாள். “ஆண்டவரே, ஐஸுக்கு அடிமையாகி கலேவெலயில இருக்கிற எங்க மேரியோட மகன் ரொஷானைக் குணமாக்கும்.”

எல்லாரும் ஒரே குரலில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். சொல்லி முடித்ததும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என்னால் மட்டும் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்து அவளைப் பிடித்தேன். “மாதா மேல ஆணைன்னியே!”

“நான் என்ன வம்பா பேசினேன்? ஜெபத்துல தானே சொன்னேன்! எல்லாரும் சேர்ந்து கேட்டா ஆண்டவர் கேப்பாரு தானே.”

அவள் முகத்தில் துளி வெட்கமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நம் மத்தியில் ஒரு வசதி இருக்கிறது பாருங்கள். ஒருவர் வீட்டு விஷயத்தை வாசலில் நின்று பேசினால் பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அதையே கைவிரித்துச் சொன்னால் பக்தி.

பூ வைப்பதை விட்டேன். அன்பியத்துக்குப் போவதை விட்டேன். பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் பகிரும்போது ஸ்டெல்லா என்னைத் தேடித் திரும்புவாள். நான் தூணைப் பார்த்துக் கும்பிடுவேன். தன்னோடு ஒன்றாய் ஆலயத்துக்கு நடந்த நண்பனே தன்னை வஞ்சித்தான் என்று ஒருவர் புலம்பும் திருப்பாடல் இருக்கிறதே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பாதர் என்னைக் கூப்பிட்டு, சகோதரர்கள் விற்ற யோசேப்பைக் கடவுள் கைவிடவில்லை என்றார். “அதுக்காக வித்தவங்களுக்கு மாலையா போட முடியும் பாதர்?” என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் சிரிக்கவும் முடியாமல் கண்டிக்கவும் முடியாமல் நின்றார்.

தவக்காலத்தில் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. ரொஷான் தேறிவிட்டான், தனியாகவே பஸ்ஸில் அனுப்புகிறோம், ஆனால் மாத்தளையில் இறங்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும் என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும். அவனுக்கு முதன்முதலில் ஐஸ் கொடுத்த கூட்டாளி அந்த பஸ் நிலையத்தில்தான் சுற்றிக்கொண்டிருப்பான்.

நேரத்தோடே புறப்பட்டேன். ஆனால் மழையில் மரம் விழுந்து ரட்டோட்டை வீதி மறிபட்டுப் போனது. பஸ் நகரவில்லை. ரொஷானிடம் போனும் இல்லை. ஜெபமாலையைப் பிடித்திருந்தேன், ஆனால் ஒரு மணியும் நகரவில்லை. ஒரே ஜெபம்தான் வந்தது. “ஆண்டவரே, என்னால போக முடியல்ல. நீரே போய் நில்லும்.”

பஸ் நிலையத்தை அடைந்தபோது அவன் பயணம் செய்த பஸ் காலியாக நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது ஓட்டோக்கள் நிற்கிற பக்கமிருந்து “அம்மா!” என்று குரல். ரொஷானைக் கடையில் வேலை செய்த காலத்திலிருந்தே தெரிந்த ஓட்டோக்காரர் பஸீல் நானாவின் ஓட்டோவுக்குள் உட்கார்ந்து ரொஷான் பணிஸ் தின்றுகொண்டிருந்தான்.

அந்தக் கூட்டாளி வந்திருக்கிறான். தோளில் கைபோட்டு, டீ குடிப்போம் வாடா என்று கூப்பிட்டிருக்கிறான். “வேணான்னுதான் நெனச்சேன் அம்மா, ஆனா கால் அவன் பின்னாலயே போச்சு” என்றான் ரொஷான். அதற்குள் பஸீல் நானா ஓட்டோவைக் குறுக்கே நிறுத்தி, “மகன், அம்மா வார வரைக்கும் இதுக்குள்ள இருங்க” என்றாராம். மற்ற ஓட்டோக்காரர்களும் வந்து சூழ்ந்து நின்றதும் அந்தக் கூட்டாளி நழுவிவிட்டான்.

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் நானா?” என்று கேட்டேன்.

“ஸ்டெல்லா தங்கச்சி தான். ரொஷான் எப்ப வந்து எறங்கினாலும் கொஞ்சம் பாத்துக்கங்கன்டு, டவுனுக்கு வார நேரமெல்லாம் சொல்லிட்டுப் போவாங்க.”

என் ரகசியம் ஓட்டோ ஸ்டாண்ட் வரைக்கும் போயிருந்தது! கோபத்தில் காது சுட்டது. அதே நேரம் கண்ணீரும் கொட்டியது. ஆண்டவரே, உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அங்கேயே கேட்டேன்.

அவள் செய்தது துரோகம்தான். இன்றும் அப்படித்தான் சொல்வேன். மற்றவர் கண்ணீரைச் சத்தமாக ஜெபிக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் என்னைப் போல் காட்டிக்கொடுக்கப்பட்டு, கடவுள்மீதும் கோபமாக இருப்பவர்களே, அந்தக் கோபத்தோடேயே அவரிடம் கேளுங்கள். நாம் வெறுத்து ஒதுக்கிய ஆளைக்கொண்டும் அவர் நம் பிள்ளையைக் காப்பார். நான் கண்டேன்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு அன்பியத்தை என் வீட்டுக்கு அழைத்தேன். ஸ்டெல்லா கதவோரம் உட்கார்ந்தாள். மன்றாட்டு நேரம் வந்தது. அவள் கையை விரிக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. திடீரென்று ரொஷான் எழுந்து நின்றான். “நான் ஐஸுக்கு அடிமையா இருந்தவன். திரும்ப அதுல விழுந்துறாம இருக்க எனக்காக ஜெபிங்க.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று முதலில் எழுந்தது ஸ்டெல்லாவின் அழுகைக் குரல். அவளோடு சேர்ந்து, அன்று என்னால் சொல்ல முடியாமல் போன அந்தப் பதிலை நானும் சொன்னேன்.