பதினோராம் பத்தியின் முதல் வரி

எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டிய தாளைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு தீர்ப்பின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த இரண்டே பக்கம். தலையும் இல்லை, வாலும் இல்லை. "வேறு வழி இருக்கும்போது அடுத்தவர் நிலத்தின் வழியே பாதை கேட்க முடியாது" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

என் கட்சிக்காரருக்குச் சுத்தமல்லிப் பக்கம் ஆற்றை ஒட்டி வாழைத்தோட்டம். காலங்காலமாக வண்டி போன பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டுவிட்டார். மிச்சமிருந்தது ஆள் மட்டும் நடக்கக்கூடிய வரப்பு. நேந்திரம் எனும் ஏத்தன் வாழைத்தார் முற்றி நின்றது. ஓணத்துக்கு முன்னால் வெட்டினால்தான் கேரள வியாபாரி வாங்குவார். வண்டி தோட்டத்துக்குள் வராவிட்டால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அதனால்தான் இடைக்கால உத்தரவு கேட்டு ஓடி வந்திருந்தோம்.

"முழுத் தீர்ப்பையும் பார்க்க வேண்டும்" என்றேன். மதியம் வரை நேரம் தந்தார் நீதிபதி.

வக்கீல்கள் அறையில் உட்கார்ந்து தீர்ப்பு தேடும் இணையச் சேவையைத் திறந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அது இதுதான். எங்கள் அலுவலகத்தில் நான்கு பேருக்கு ஒரே கணக்கு. நான் உள்ளே நுழைந்தால் இன்னொருவர் வெளியே விழுவார்; அவர் திரும்ப நுழைந்தால் நான் விழுவேன். மூன்று முறை விழுந்தேன். சக வக்கீலுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"கொஞ்சம் வெளிய இருங்களேன், புண்ணியமாப் போவும்!"

"நானும் அவசரமாத்தான் தேடுதேன்" என்று அவரும் கத்தினார்.

ஒருவழியாக நுழைந்தால், தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்த வழக்கு எண்ணில் ஆண்டு தப்பு. அந்த எண்ணில் ஏதோ விற்பனை வரி வழக்கு வந்து நின்றது. கோடு போட்ட வரியையே அப்படியே தட்டித் தேடினேன். கிடைத்தது. பதினோராம் பத்தி. அந்தப் பத்தி முந்தைய பக்கத்தின் கடைசி வரியில் இப்படித் தொடங்கியது: "பிரதிவாதியின் வழக்கறிஞர் வாதிட்டதாவது."

அட பாவிகளா! அது நீதிமன்றம் சொன்னதே இல்லை. தோற்ற கட்சியின் வாதம். பதினான்காம் பத்தியில் அந்த வாதத்தை நிராகரித்து, வண்டிப் பாதைக்கு வரப்பு ஈடாகாது என்று நமக்குச் சாதகமாகவே எழுதியிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீலை நீதிமன்ற நடைக்கூடத்தில் பிடித்தேன். வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இது தோத்தவன் பேசுனதுல்லா? முன்பக்கத்த எங்க காணும்?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் எங்கம்மா முழுசா படிச்சேன்? வாட்ஸ்அப்புல வந்தது. இத வச்சு நாலு கேஸு ஜெயிச்சிருக்கேன். ஒருத்தரும் கேக்கலியே."

அந்த நாலு கேஸில் தோற்றவர்கள் எந்தப் பாதையில் நடக்கிறார்களோ.

மதியம் முழுத் தீர்ப்பையும் அச்செடுத்து நீட்டினேன். பதினொன்றையும் பதினான்கையும் வாசித்துக் காட்டினேன். நீதிபதி தலையை ஆட்டினார். அண்ணாச்சி எழுந்தார். "இது நெட் காப்பி. அச்சான தீர்ப்புத் தொகுப்பைத் தாக்கல் செய்யட்டும்." அவர் தந்த இரண்டு பக்கம் மட்டும் எங்கிருந்து வந்ததாம்? கேட்டேன். கேட்டும் வாய்தா விழுந்தது.

அந்த ஆண்டுத் தொகுதியை நூலகத்தில் தேடினால், பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார்கள். மதுரையில் ஒரு நண்பரிடம் கெஞ்சிப் பிரதி வாங்கினேன். அடுத்த வாய்தாவில் நீதிபதி விடுப்பு. அதற்கடுத்ததில் அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லை. அதற்குள் ஓணம் போய்விட்டது.

பிறகு உத்தரவு வந்தது. வேலியை எடுக்க வேண்டும். காரணமாகக் காட்டப்பட்டிருந்தது அதே பதினான்காம் பத்தி. வாழ்த்துச் சொன்னவர்களில் அண்ணாச்சியும் ஒருவர்.

மறுவாரம் என் கட்சிக்காரர் போன் செய்தார்.

"வேலிய எடுத்துட்டாவ வக்கீலம்மா. இப்ப வண்டி தாராளமா போவும்."

"தார் என்னாச்சுக்கா?"

"மரத்துலயே பழுத்து வெடிச்சிட்டு. கிளி தின்னது போக மிச்சத்த மாட்டுக்குப் போட்டேன். ஏம்மா, அந்தத் தீர்ப்புல மொதல்லருந்தே நமக்குத்தான எழுதியிருந்துச்சு?"

"ஆமாக்கா. அன்னைக்கே வாசிச்சுக் காட்டினேனே."

"நீங்க வாசிச்சீக. நானும் அங்கனதான நின்னேன், எல்லாரும் கேட்டுக்கிட்டுதான இருந்தாவ" என்றார்.