வலப்பக்கம் இழுக்கும் படகு

என் அக்கா வீட்டுக்காரரைத் துறைமுகத்தில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நின்றுகொண்டே சாப்பிடுவார். பல் தேய்த்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்ததோ அசையாமல் உட்கார வேண்டிய வேலை. கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் பெரிய கிரேனின் கண்ணாடி அறையில், இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தபடி, காலுக்குக் கீழே தெரியும் பெட்டியையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பார். ஒருமுறை அனுமதி வாங்கி நானும் மேலே போனேன். எனக்குத் தலை சுற்றிக் கம்பியைக் கட்டிக்கொண்டேன். மாமா வேறு யாரோ மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டதில் அந்த இடம் போயிற்று. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, வாசல் அலுவலகத்தில் லாரிக்காரர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கச் சொன்னார்கள். நாற்காலி முள்ளாய்க் குத்துகிறது என்று புலம்பினார். கம்பெனி டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்து, எலும்பு கூடிவிட்டது என்றார். மேலாளர் நல்ல மனிதர். கை பழையபடி ஆகிவிட்டதா என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்யுங்கள், சரியென்றால் மறுநாளே மேலே ஏறுங்கள் என்றார். இல்லையென்றால் கிரேனுக்கு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்பதையும் மறைக்கவில்லை.

கை சரியாகிவிட்டது என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். பூட்டை ஏன் இடது கையால் திறக்கிறீர்கள் என்று அக்கா கேட்டால் மட்டும் சுள்ளென்று விழுவார்.

இந்த லட்சணத்தில்தான் படகு சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. பேட்டரியில் ஓடும் பந்தயப் படகு அது, முழங்கை நீளம் இருக்கும். ஊருக்கு வெளியே கல் எடுத்த பள்ளத்தில் தேங்கிய குளத்தில், இவரைப் போன்ற கிறுக்கர்கள் சிலர் கூடிப் பந்தயம் விடுவார்கள். ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். இடது விரலால் விசையை இழுத்தால் வேகம் எடுக்கும், பக்கத்திலுள்ள சின்னச் சக்கரத்தை வலது கையால் திருப்பினால் படகு திரும்பும். கை உடைவதற்கு முன்னால் நூல் பிடித்த மாதிரி ஓடிய படகு, இப்போது வேகம் எடுத்ததும் வலப்பக்கமாகச் சாய்ந்து போய்க் கரையில் முட்டியது.

மாமா அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. சுக்கானை நிமிர்த்தினார், ப்ரொப்பெல்லரை மாற்றினார், பேட்டரியை இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். ஒன்றை மாற்றி முழுசாக ஓட்டிப் பார்ப்பதற்குள் இன்னொன்றில் கை வைத்துவிடுவார். எதனால் என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரியாது, படகுக்கும் தெரியாது. கடைசியில் பழி அக்காவின் தலையில் விழுந்தது. கட்டுப் போட்டிருந்த நாட்களில் அவள் படகைப் பால்கனியில் வைத்தாளாம், வெயிலில் அடிப்பாகம் முறுக்கிக்கொண்டதாம். அவள் பாவம், அதை நம்பிக் குமைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்கா கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டாள்.

அந்த ஞாயிறு காலையில் பொம்மைக் கடைக்காரரிடம் படகைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் பழைய இடத்தில் பொருத்திவிட்டு, ரிமோட்டில் உள்ள ஒரு சின்னத் திருகைக் காட்டினார். அதை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் இழுவை சரியாகிவிடும் என்றார்.

சாயங்காலம் மூவரும் குளத்துக்குப் போனோம். நான் படகைத் தண்ணீரில் விட்டேன். மாமா திருகைத் துளித் துளியாகத் திருப்பி ஓட்டினார். வலப்பக்கச் சாய்வு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் படகு எதிர்க்கரை வரைக்கும் கோடு கிழித்த மாதிரி போயிற்று. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி விட்டார், மறுபடியும் நேராகப் போயிற்று. மேலாளருக்குப் போன் போடுகிறேன் என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, ரிமோட்டை அக்காவின் கையில் திணித்தார். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

அக்கா விசையை இழுத்தாள். படகு சட்டென்று இடப்பக்கம் திரும்பிக் கோரைக்குள் போய்ச் சொருகியது.

மாமா சிரித்தார். "சக்கரத்தத் தொடாத. கைய எடுத்துடு. அது தானா நேரா போகும்."

நான் படகை எடுத்து மறுபடி விட்டேன். அக்கா வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விசையை மட்டும் இழுத்தாள். படகு மறுபடியும் இடப்பக்கமே போயிற்று.

மாமா ரிமோட்டை வாங்கி ஓட்டினார். நேராகப் போயிற்று. அக்காவிடம் கொடுத்தார். இடப்பக்கம் போயிற்று.

"காத்து ஒரு பக்கமா அடிக்குது மாமா" என்றேன்.

"காத்து இல்ல மாப்ள."

அவர் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கத் தயங்கினாள். வாங்கு என்று மெதுவாகச் சொன்னார். அவள் சக்கரத்தைத் தொடாமல் விசையை இழுத்தாள். படகு குளத்தின் நடுவே துளிகூடச் சாயாமல் எதிர்க்கரைக்குப் போயிற்று. படகில் ஒரு குறையும் இல்லை. இத்தனை நாளும் சக்கரத்தை நடுவில்தான் பிடித்திருக்கிறோம் என்று அவர் நினைத்திருக்கிறார், கை அதை வலப்பக்கம் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கைக்கு அது தெரியவேயில்லை.

மாமா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, வெயிலில் வைத்ததால் ஒன்றும் ஆகவில்லை என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சீக்கிரம் சரியாகிவிடும், சும்மா ஏறிப் பாருங்கள், வெறும் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள் என்று ஏதேதோ சொன்னாள். சீட்டுக் கிழித்துவிட்டு வந்து இரவெல்லாம் கூடத்தில் நடப்பவரோடு குடித்தனம் பண்ணுகிறவள் அவள்தானே.

"பொட்டிக்குக் கீழ ஆளுங்க நிக்கறாங்க" என்றார்.

போனை எடுத்தார். மேலாளர் உடனே எடுத்துவிட்டார் போல. சந்தோஷமான சேதியை எதிர்பார்த்து அவர் ஏதோ கேலி பேசியது எனக்கே கேட்டது. மாமா அவரை முழுசாகப் பேச விட்டார்.

"கை இன்னும் சரியாகல சார்" என்றார். "வேற ஆளப் போட்டுடுங்க."