அன்புராசா அண்ணை கீறாத மணிக்கூடு

கனடாவில், வெக்ஸ்போர்ட்டில், எங்கள் பில்டிங்குக்குக் குடிவந்த முதல் வின்ரரில், பஸ் ஸ்ரொப்புக்குப் போகிற வழியில் நான் உறைபனியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, மாதா காப்பாற்றினா. ஆனால் றோல்ஸ் சுற்றுகிற சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவளுக்கு மணிக்கட்டு வீங்கினால் என்ன செய்வது. அடுத்த நாள் விடிய இறங்கிப் போனால், வாசலில் இருந்து பஸ் ஸ்ரொப் வரைக்கும் வழுக்காமல் உப்புப் போட்டுக் கிடந்தது. பில்டிங் பார்க்கிற சுப்பரின்டென்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். "நானோ? நான் வாசலுக்கு மட்டும்தான் போடுறது" என்றார் அந்த ஆள். அந்த வின்ரர் முழுக்க உப்புக் கிடந்தது. பனி கரைந்த பிறகுதான், பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா லோண்ட்றியில் வைத்துச் சொன்னா: "கறிக்குப் போட உப்பில்லை, பிள்ளை. எங்கட மனிசன் பைபையா வாங்கி றோட்டில கொட்டிப்போட்டு வருது."

அந்த மனிசன்தான் அன்புராசா அண்ணை. கேட்டால், "அவளுக்கு விசர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குச் சொந்த ஊர் பாசையூர். ஊரில் சண்டை தொடங்கின காலத்தில் ஜேர்மனிக்குப் போனவர். அங்கே ஒரு வயோதிபர் இல்லத்தில் கோப்பை கழுவினார். கண் தெரியாமல் போன ஒரு பழைய ரீச்சர் அங்கே இருந்தாவாம். தன்னுடைய புத்தகங்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுவாவாம். முதலில் ஒரு சொல்லும் விளங்காமல் வாசித்தார், பிறகு விளங்கி வாசித்தார், பிறகு அதை விட ஏலாமல் வாசித்தார். அந்த மனிசி சாகும்போது புத்தகங்களை இவருக்குக் கொடுத்துவிட்டா. கனடாவுக்கு வரும்போது மூன்று பெட்டி அதுதான். தவமணி அக்காவின் கூறைச்சீலையைக் கூடப் பிறகு தபால் பாசலில்தான் எடுப்பித்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அந்தப் புத்தகங்களைப் பற்றி எனக்கென்ன தெரியும். அவர் சொன்னதைத்தான் சொல்லுகிறேன். முக்கால்வாசியும் இந்தக் காலத்துச் சீவியத்தைத் திட்டின புத்தகங்களாம். பக்டரி வந்தது, பெரிய பட்டணம் வந்தது, வேகம் வந்தது, மனிசன் தன் கையையும் அயலையும் கடவுளையும் தொலைத்துப் போட்டான் என்று அந்த நாட்டு ஆட்கள் நூறு, நூற்றைம்பது வருசத்துக்கு முதலே எழுதி வைத்திருக்கினமாம். அண்ணைக்கு எல்லாத்திலும் பெரிய கோபம் மணிக்கூட்டில்.

"மற்ற மெசின் எல்லாம் பிறகு வந்தது, பிள்ளை. முதல்ல மனிசனைப் பிடிச்சுக் கட்டினது உதுதான். பசிச்சாச் சாப்பிட்டவன் மணி அடிச்சாச் சாப்பிடத் தொடங்கினான்."

அவர் மணிக்கூடு கட்டுவதே இல்லை. ஆனால் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முதல் ஆளாக நிற்பார். வேலைக்கும் பிந்தினதில்லை. கார் லைசென்சும் எடுக்கவில்லை, எங்கேயும் நடைதான். நடக்கும்போது ஜேர்மன் பாஷையில் செபமாலை சொல்லுவார். அந்த ரீச்சரோடு சொல்லிப் பழகினதாம்.

பின்னேரத்தில் கீழே லொபி வாங்கில் நாலைந்து பேர் வந்து குந்துவார்கள். மூன்றாம் மாடிப் பத்மநாதன் அண்ணைக்கு இவரைச் சீண்டாவிட்டால் தேத்தண்ணி இறங்காது.

"என்ன ஜேர்மன் சாமி, இண்டைக்கு ஆரைத் திட்டுறாங்கள்?"

"உன்னைத்தான். உன்ர கையில வெளிச்சம் அடிக்குதே போன், அதை."

"இதில்லாட்டி நான் எப்பிடியடாப்பா பேரப்பிள்ளையைப் பாக்கிறது?"

"பிள்ளை பிக்கரிங்கில இருக்குது. அரை மணித்தியாலம். போய்ப் பாரன்."

"அரை மணித்தியாலமோ? மணி பாக்காத ஆள் எப்பிடிச் சொன்னனி?" என்று பத்மநாதன் அண்ணை தொடையில் அடித்துச் சிரிப்பார். அன்புராசா அண்ணையும் சிரித்துவிடுவார்.

ஒருநாள் நானும் கேட்டேன். "அண்ணை, மெசின் கூடாது எண்டுறியள். என்ர மனிசனுக்குக் கிழமைக்கு மூண்டு தரம் மெசின்தான் ரத்தம் சுத்தம் செய்யுது. அது இல்லாட்டி நான் எப்பவோ வெள்ளைச் சீலை."

வாங்கில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார். பிறகு சொன்னார்: "ஓம். அதை அவங்கள் வடிவா யோசிக்கேல்லை. இன்னொண்டும் சொல்லுறன் கேள். மெசினைத் திட்டின அதே வாயால, மனிசரைக் கொல்லுற கூட்டத்துக்கு வாழ்க எண்டவங்களும் இதுக்குள்ள இருக்கிறாங்கள். ரீச்சர் சொன்னவ, வாசி, ஆனா கும்பிடாதை எண்டு."

தவமணி அக்கா தவக்காலத்தில் மோசம் போனா. அவவை அடக்கம் செய்த பிறகுதான் மகன் கிளிபோட், தான் இருக்கிற ஸ்ரௌவ்வில்லுக்கு வரச்சொல்லி நின்றான். புது வீடு. மருமகள் மெலிசா இங்கே பிறந்த பிள்ளை. அண்ணைக்குப் போக மனமில்லை; பனி விழத் தொடங்கத்தான் ஓம் என்றார்.

"ஒரு வின்ரருக்கு மட்டும் வாறன், தம்பி. அப்பார்ட்மென்ட் அப்பிடியே கிடக்கட்டும். பனி கரைய நான் திரும்பி வந்திடுவன்."

"ஓம் அப்பா, ஓம்" என்றான் கிளிபோட்.

அவர் போய் மாதம் முடிய முதல் வேறொரு தமிழ்க் குடும்பம் அந்த வீட்டுக்குள் கட்டில் ஏற்றினதை நான் கதவடியில் நின்று பார்த்தேன். கிளிபோட் வாடகை லீஸை முறித்துவிட்டான். அப்பாவுக்குச் சொல்லவில்லை. "இப்ப சொல்லாதேங்கோ அன்ரி, நான் ஆறுதலாச் சொல்லுறன்" என்றான்.

ஸ்ரௌவ்வில்லில் அண்ணை எங்கே நடப்பார்? பால் வாங்கவும் கார், கோயிலுக்கும் கார். அந்தப் பக்கத்துப் பெரிய றோட்டில் நடைபாதையே இல்லை. அவர் கரையில் பனிக்குள்ளால் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தார். ஒரு கிழட்டு மனிசன், கறுத்த கோட்டு, வாய்க்குள் ஏதோ ஒரு பாஷை. காரில் போன ஆரோ பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார்கள். பொலிஸ்காரன் வீட்டில் கொண்டுவந்து விட்டான். பிறகு இன்னொரு தரமும் விட்டான்.

மெலிசா எனக்குப் போன் எடுத்தா. "சோ எம்பரசிங், அன்ரி. நெய்பர்ஸ் எல்லாம் பாக்கினம். மாமா வெக்ஸ்போர்ட்டுக்குப் போறன் எண்டு நடக்கிறார். தனியக் கதைக்கிறார், அது தமிழும் இல்லை. ஐ திங்க் ஹீ இஸ் லூசிங் இட்."

"பிள்ளை, அது ஜேர்மன். அருள்நிறைந்த மரியே சொல்லுறார்."

"வட்டெவர் அன்ரி, ஹீ நீட்ஸ் ஹெல்ப்."

எங்கள் சனத்தில் ஒருவர் இரண்டாவது பாஷையாக இங்கிலிஷ் கதைத்தால் கெட்டிக்காரர். வேறொன்றைக் கதைத்தால் மூளை பிசகு.

டொக்டரிடம் கூட்டிப் போகும்போது என்னையும் வரச்சொன்னான் கிளிபோட். நான் சொன்னால் அப்பா கேட்பார் என்று. போகிற வழியில் அண்ணை என்னிடம் மெல்லமாகக் கேட்டார்: "டொக்டர் எனக்கு ஒண்டுமில்லையெண்டு சொன்னா நான் வீட்டை போகலாம்தானே?" நான் கிளிபோட்டைப் பார்த்தேன். அவன் றோட்டைப் பார்த்தான்.

டொக்டர் நல்ல மனிசன் போலத்தான் கதைத்தார். என்ன மாதம், என்ன ஊர் என்று கேட்டதற்கெல்லாம் அண்ணை சரியாகச் சொன்னார். பிறகு டொக்டர் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் நீட்டினார். ஒரு மணிக்கூடு கீறி, அதில் பதினொன்று பத்துக் காட்டச் சொன்னார். மறதி வருத்தம் இருக்குதோ என்று பார்க்கிற சோதினையாம்.

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே விழுந்து விழுந்து சிரித்தார். பத்மநாதன் அண்ணை பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ.

"தம்பி, உவருக்குச் சொல்லு. சீவியம் முழுக்க நான் உதைக் கையில கட்டேல்லை. இப்ப கீறியும் குடுக்கமாட்டன்."

ஒரு வட்டத்தை மட்டும் கீறினார். சுற்றிவர நாலு கோடு இழுத்தார். "இது சூரியன். எனக்கு நேரம் பாக்க உது காணும்."

கிளிபோட் ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கிலிஷில் சொன்னான். டொக்டர் தலையை ஆட்டினார். கீற ஏலாதவர்கள்தான் மாட்டன் என்று சொல்லுவார்கள், அதைச் சிரித்து மறைப்பார்கள், எல்லாரும் செய்கிறதுதான் என்று அவர் சொன்னதைக் கிளிபோட் தமிழில் சொன்னான்.

"டொக்டர், இவருக்கு ஒண்டுமில்லை. இவர் படிச்ச புத்தகங்களில அப்பிடி இருக்குது" என்று நான் தமிழில் கத்தினேன். கிளிபோட் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் "நோ சிக், நோ சிக்" என்றேன். டொக்டர் எனக்கும் ஆறுதலாகத் தலையாட்டினார்.

பிக்கரிங்கில் ஒரு நேர்சிங் ஹோமில் விட்டார்கள். கதவைத் திறக்க நம்பர் அமத்த வேண்டும், அது உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். முதல் மூன்று நாளும் கதவைத் தள்ளினாராம். குளிசை மருந்தைக் கூட்டினார்கள். பிறகு தள்ளவில்லை. ஒரு காலத்தில் இப்படியான இடத்தில் கோப்பை கழுவின மனிசன்.

புத்தகங்கள் எங்கே என்று மெலிசாவிடம் கேட்டேன். "ஆருக்கு அன்ரி ஜேர்மன் தெரியும்? றீசைக்கிளுக்குள்ள போட்டாச்சு. பெட்டி நல்ல பெட்டி, கிறிஸ்மஸ் சாமான் போட வச்சிருக்கிறன்."

நான் மாதத்தில் ஒரு தரம் பஸ்ஸும் ரெயினுமாகப் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் ஆள் கொஞ்சம் குறைந்திருந்தார். கடைசியாகப் போனது ஒரு வருசம் கழித்து, பங்குனியில். அறைக்குள் போனால் சுவர் முழுக்கத் தாள். எல்லாம் மணிக்கூடு. பென்சிலால் கீறின வட்டம், ஒன்று தொடக்கம் பன்னிரண்டு வரைக்கும் அச்சடித்த மாதிரி இலக்கம், எல்லாத்திலும் பதினொன்று பத்து. நேர்ஸ் பிள்ளை தாள்களுக்கு நடுவில் கடதாசிப் பூ ஒட்டியிருந்தா. "ஹீ லவ்ஸ் க்ளொக்ஸ்" என்று எனக்குச் சந்தோசமாகச் சொன்னா.

அண்ணை கதிரையில் இருந்து கீறிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன கட்லட்டைத் தொடவில்லை. வெக்ஸ்போர்ட் வீட்டுப் பூஞ்சாடிக்கு ஆர் தண்ணி விடுறது என்று கேட்டார். நான் விடுகிறேன் என்று சொன்னேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், அவருக்கு வேறு என்ன சொல்ல.

சித்திரையில், பெரிய வியாழன் அன்று, அவர் போய்விட்டார். கோயிலில் கிளிபோட் அழுதான், அது பொய் அழுகை இல்லை. மெலிசா நல்ல பூ வாங்கியிருந்தா.

அந்தப் பங்குனி நாளில் நான் வெளிக்கிடும்போது, அண்ணை கதவடி வரைக்கும் என்னோடு வந்தார். நேர்ஸ் நம்பர் அமத்துகிற நேரத்தில், மடித்த தாள் ஒன்றை என் கைக்குள் வைத்தார்.

"இதைக் கிளிபோட்டிட்டைக் குடு, பிள்ளை. முள்ளு ரெண்டும் சரியாத்தானே நிக்குது? அப்பா இனி மாட்டன் எண்டு சொல்லமாட்டாராம் எண்டு அந்த டொக்டருக்குச் சொல்லச் சொல்லு."