கிட்டுவைக் கொன்னது நான்தான் சார்

டிவியில வர்ற ஒரு விண்வெளி சீரியலை வச்சு நான் நெட்ல புனைபேர்ல எழுதற ரசிகர் கதையில, போன வாரம் கிட்டுங்கற ரோபோவைக் கொன்னுட்டேன். கமென்ட்ல ஒரே திட்டு.

ஒருத்தர் மட்டும், "மேற்படி கிட்டுவை உயிருடன் மீட்க உடனடியாக ஆவன செய்யவும்"னு போட்டிருந்தார். விழுந்து விழுந்து சிரிச்சேன்.

இன்னிக்கு டில்லி லோதி ரோடு ஆபீஸ்ல லீவு கேட்க எங்க செக்‌ஷன் ஆபீசர்கிட்ட போனேன். என் டிராஃப்ட் எதையும் சிவப்பு மையில கிழிக்காம விடமாட்டார். டிபன் டப்பாமேல சாய்ச்சு வச்ச அவர் போன்ல என் கதை!

"நீங்க இதைப் படிக்கறதுண்டாம்மா? குடும்பம் திருநெல்வேலில. தனியா சாப்பிடறப்போ எனக்குக் கிட்டுதான் பேச்சுத்துணை. கொன்னுட்டாங்க. ஆவன செய்யச் சொல்லி எழுதியிருக்கேன்."

இப்போ சிரிப்பு வரலை.

"யார் எழுதறாங்களோ, அந்த எழுத்துல என்னாலகூட ஒரு வார்த்தை மாத்த முடியாதும்மா!"

அப்புறம் என் லீவு லெட்டரை எடுத்தார். ரெண்டு இடத்துல சிவப்பு மை. "இந்த வாரம் லீவு கஷ்டம்மா."

சார், கிட்டுவை எழுப்பத்தானே லீவே கேட்டேன்!

இதை அவர்கிட்ட யாராவது போய்ச் சொல்றீங்களா?