மூண்டு போத்திலிலும் ஒரே பேர்

கிறீம் வாங்க வரேக்கை ஆக்கள் முகத்தைக் காட்டுவினம், திரும்பி வரேக்கை புண்ணைக் காட்டுவினம். கடை வைச்சிருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

மூடியின்ரை நிறம்

நெல்லியடியிலை பான்சி கடை வைச்சிருக்கிறன். படிப்பு நாலாம் வகுப்போடை சரி, இங்கிலீசு எழுத்து வாசிக்கத் தெரியாது. நீல மூடி வெடிச்ச தோலுக்கு, பச்சை மூடி கற்றாழை, வெள்ளை மூடி குழந்தையளுக்கு. நிறத்தைப் பாத்துத்தான் எடுத்துக் குடுப்பன்.

சந்தையிலை மீன் விக்கிற பாக்கியம் ஒருநாள் வந்து கையை நீட்டினாள். ஐசும் உப்புத்தண்ணியும் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடிச்சிருந்தது. நீல மூடியைக் குடுத்தன். திறந்து மணந்து பாத்தாள். "இதைப் பூசினால் மீன் மணமும் போயிடும் போலை கிடக்கு அக்கா. பிறகு என்னை மீன்காரி எண்டு ஆர் நம்புவினம்?"

கம்பனியை மாத்தினன்

ரண்டு கிழமையிலை வந்தாள். கை சிவந்து பொக்குளம் போட்டிருந்தது. உது அந்தக் கம்பனியின்ரை பிழை எண்டு நினைச்சுப் பச்சை மூடியைக் குடுத்தன். அதுக்கும் கேக்கேல்லை. குழந்தைக்கே பூசுறது, உனக்கென்ன செய்யும் எண்டு வெள்ளை மூடியை நானே கட்டாயப்படுத்திக் குடுத்தன். மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிஞ்சு நீர் வடியத் தொடங்கிச்சு.

ஒருநாள் நானும் சந்தையிலை நிண்டனான். வாங்க வந்த ஒருத்தி மீனைப் பாத்தாள், பிறகு பாக்கியத்தின்ரை கையைப் பாத்தாள். "சூடை மீன் நல்லாத்தான் கிடக்கு. உந்தக் கையாலை அள்ளித் தராதை பிள்ளை."

டொக்டர் போட்ட வட்டம்

மூண்டு போத்திலையும் பையிலை போட்டுக்கொண்டு அவளோடை ஆஸ்பத்திரிக்குப் போனன். தோல் டொக்டர் அவளின்ரை முதுகிலை சின்னச் சின்ன மருந்து ஒட்டுகள் ஒட்டி, ரண்டு நாள் கழிச்சு வரச்சொல்லிக் கழட்டிப் பாத்தார். ஒரு இடம் மட்டும் சுட்டமாதிரிச் சிவந்திருந்தது. அந்த ஒட்டிலை இருந்தது, கிறீம் பழுதாகாமல் இருக்கப் போடுற மருந்தாம். கனபேருக்கு ஒண்டும் செய்யாதாம். ஒருத்தரின்ரை தோலுக்கு ஒருக்கா ஒவ்வாமல் போச்செண்டால், பிறகு துளி பட்டாலும் கிளம்புமாம்.

மூண்டு போத்திலிலும் பேனையாலை வட்டம் போட்டுக் காட்டினார். வாசிக்கத் தெரியாட்டியும், வட்டத்துக்குள்ளை கிடக்கிறது ஒரே எழுத்து எண்டு எனக்கும் விளங்கிச்சு. "மூடிதான் வேறை வேறை அம்மா, உள்ளுக்கை ஒரே சாமான்."

ஆறின கை

அவள் வீட்டிலை பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணிப் போத்திலிலையும் அந்தப் பேர் இருந்தது. அதையும் விட்டு, டொக்டர் குடுத்த களிம்பை மட்டும் பூசினாள். ஆற மூண்டு மாதம் எடுத்தது. அதுவரைக்கும் மீனிலை கை வைக்கேலாமல் வீட்டிலை இருந்தாள். நான் அந்தப் பேரை ஒரு கடுதாசித் துண்டிலை எழுதுவிச்சு வைச்சிருக்கிறன். வாற போத்திலை எல்லாம் அதோடை வைச்சு எழுத்தெழுத்தாய்ப் பாக்கிறன்.

பிறகு ஒருநாள் கடை வாசலிலை நிண்டு கையை விரிச்சுக் காட்டினாள். உள்ளுக்கு வரேல்லை. "கை ஆறீட்டுது அக்கா. சந்தையிலை என்ரை இடத்திலை வேறை ஒருத்தி இருக்கிறாள்."

அந்த மூண்டு போத்திலும் இண்டைக்கும் என்ரை கடைத் தட்டிலை வட்டத்தோடை நிக்குது. கிறீம் மட்டும் ஒரு துளியும் பழுதாகேல்லை.